சுவத்துல ஒட்டுன ரெண்டாவது பேப்பர்

ஒதுங்கி உக்காராதீங்க தம்பி, நான் ஒண்ணும் கொலைகாரன் இல்ல. மொகத்துல இருக்குற தழும்பு குவாரியில கல்லுத் தெறிச்சு விழுந்தது. பஸ் ஸ்டாண்டுலதான எறங்குறீங்க? நானும் அங்கதான். பத்தரைக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கணும். நாப்பத்தோரு நாள் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தவன் நான். சொந்த ஊர்ப்பக்கம் கால வைக்கக் கூடாது, இந்த ஊர்லயே தங்கி தெனம் காலையில ஸ்டேஷன் நோட்டுல பதியணும், அதுதான் கண்டிசன். ஒரு நாள் தவறுனாலும் திரும்ப உள்ள வச்சிருவாய்ங்க.

என்ன கேஸ்னு கேக்க மாட்டீங்களா? நீங்க கேக்காட்டியும் நான் சொல்லுவேன். நடந்தது ஒண்ணு, எழுதுனது ஒண்ணு. ஒரு மூணாவது மனுசன் கேட்டுட்டு நாயம் சொல்லட்டும்னுதான் தெனம் இந்தப் பஸ்ஸுல யார்கிட்டயாவது சொல்றேன். நேத்து ஒருத்தன் பாதியில எந்திரிச்சுப் போயி படிக்கட்டுல நின்னுக்கிட்டான். அவன் மூஞ்சியப் பாத்தாலே சரியில்ல.

எம்பேரு வீரணன். கல்லுக் குவாரியில மேஸ்திரி. இருபத்தாறு வருசம். குழி போடுறது, வெடி வைக்கிறது, லாரி ஏத்துறது எல்லாம் எங்கையிலதான். அதுபோக, ஊர்க்காரன் எவனாவது வீடு விரியுது, தண்ணி கலங்குதுன்னு வந்தா, மொதலாளி என்னயத்தான் பாப்பாரு. நான் போயிப் பேசிட்டு வருவேன். பேச்சுன்னா பேச்சுதான். கேக்காட்டிதான் கை. அதுலயும் எனக்கு ஒரு மொற இருக்கு தம்பி. தலையில அடிக்க மாட்டேன். பொம்பளையத் தொட மாட்டேன். நான் கை வச்ச ஆள்ல இதுவரைக்கும் ஒருத்தன்கூடச் சாகல. எங்க அத்தான் செத்தது வேற, அது கல்லு.

அதச் சொல்லிட்டாத்தான் வெளங்கும். எங்க அக்கா புருசன். ஏழு வருசத்துக்கு முன்னாடி நான் வச்ச வெடியில ஒரு கல்லு முந்நூறு அடி பறந்து போயி, கமலைக் கெணத்துப் பக்கம் மாட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு நெஞ்சுல விழுந்துச்சு. மாட்டுக்கு ஒண்ணுமில்ல. வெடி வைக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவ விசில் ஊதணும், அது சட்டம். ஊதுனேன். ஊதியும் ஒரு மனுசன் நகரலன்னா நான் என்ன செய்வேன், சொல்லுங்க. நான்தான் பாடை கட்டுனேன், நான்தான் மொத ஆளாத் தோள் குடுத்தேன்.

அவரு மகதான் நாகஜோதி. எம்மடியில உக்கார வச்சுத்தான் அதுக்குக் காது குத்துனாக. தாய்மாமன் சீர்னு நான் கொண்டுபோன தட்ட ஊரே எண்ணிப் பாத்துச்சு. அப்பன் செத்தப்ப காலேஜு படிச்சுக்கிட்டு இருந்துச்சு. படிப்ப விட்டுட்டு ஊருக்கு வந்துருச்சு. அப்புறம் ஒவ்வொரு திங்கக்கெழமையும் கலெக்டர் ஆபீஸ்ல மனு. நாலு ஊருப் பொம்பளைகளச் சேத்துக்கிட்டு லாரிக்கு முன்னாடி உக்காந்துக்கிரும். ஒரு தடவ குவாரிய ரெண்டு மாசம் பூட்டியே போட்டாய்ங்க. எங்க ஆளுக ராத்திரியோட ராத்திரியா அது வண்டிய எரிச்சாய்ங்க. நான் இல்ல, நான் எரிக்கச் சொல்லவும் இல்ல. தீப்பெட்டி கேட்டாய்ங்க, குடுத்தேன். மறுநாள் அந்தப் புள்ள நடந்தே மனுக் குடுக்கப் போயிருச்சு.

இந்தத் தடவ எலக்சனுக்கு எங்க மொதலாளியே நின்னாரு. எம்.எல்.ஏ. ஆகிட்டா அப்புறம் குவாரிய எவன் பூட்டுவான்? எல்லாம் சரியாத்தான் போச்சு. வெள்ளிக்கெழம, ஜோதி தாலுகா ஆபீஸுக்குப் போயி சுயேச்சையா வேட்புமனுப் போட்டுருச்சு. இருபத்தஞ்சு வயசு ஆகணுமாம், அது முடிஞ்சு ரெண்டு மாசந்தான் ஆகுது. மொதலாளி என்னயக் கூப்பிட்டு விட்டாரு. "என்ன வீரணா, உங்க அக்கா மக என் வயித்துல அடிக்குதே"ன்னாரு. நாலு ஊரு ஓட்டு அது பக்கம் போச்சுன்னா இவரு தோத்துருவாரு. அது சின்னப்புள்ளைக்கும் தெரியும்.

வக்கீல் ஒரு வழி சொன்னாரு. கட்சி இல்லாம சுயேச்சையா நிக்கிறவுகளுக்கு அந்தத் தொகுதி ஆளுக பத்துப் பேரு முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடணுமாம். பத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், அதிகாரி முன்னாடி வந்து "இது என் கையெழுத்து இல்ல"ன்னு சொல்லிட்டா மனு தள்ளுபடி. அந்தப் பத்துப் பேரையும் ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருந்தாய்ங்க. வக்கீல் படிச்சுக்கிட்டே வந்தாரு, நான் கேட்டுக்கிட்டே வந்தேன். ஏழாவது பேரு சவரிமுத்து. "நிறுத்துங்க, இவன்தான்"னேன்.

சவரிமுத்து சைக்கிள் கடை வச்சிருக்கான். எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறவன். சின்ன வயசுல நானும் அவனும் ஒரே கெணத்துல குதிச்சு நீச்சல் பழகுனவய்ங்க. ஆளு பயந்தாங்குளின்னு எனக்குத் தெரியும், அதான் அவனச் சொன்னேன். அடி கொறைச்சலா முடியும்ல, அந்த நல்ல எண்ணந்தான்.

சனிக்கெழம மத்தியானம் மூணு பேரோட போனேன். தூக்குச்சட்டியில எலுமிச்சஞ்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். சாப்பிட்டு முடிக்கட்டும்னு வெளிய நின்னேன். அந்த மரியாதை எனக்கு உண்டு. கையக் கழுவிட்டு வந்தான். விசயத்தச் சொன்னேன். "செவ்வாக்கெழம பரிசீலனைக்கு வந்து, இது என் கையெழுத்து இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரு"ன்னேன். சிரிச்சான். "போட்டது நான்தானப்பா வீரணா, எப்பிடி இல்லன்னு சொல்றது"ன்னான். ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் அதே சிரிப்பு. சிரிக்காம இருந்திருந்தா நான் கெளம்பிக்கூடப் போயிருப்பேன்.

ஒரு சைக்கிளத் தலைகீழா நிறுத்தி வச்சிருந்தான். அவன் வலது கையப் பிடிச்சு சக்கரத்துக் கம்பிக்குள்ள விட்டேன். ஒருத்தன் அவனத் தோளோட அமுக்கிக்கிட்டான். நான் பெடலச் சுத்துனேன். ஒரு சுத்துதான். மூணு வெரலு. சத்தம் பச்சைக் குச்சி ஒடிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அவன் கத்தல தம்பி, அதுதான் எனக்கு இன்னமும் ஒரு மாதிரியா இருக்கு. மூச்ச இழுத்துக்கிட்டு, "வீரணா, இது போஸ்ட்மேன் சைக்கிளு, கம்பி வளையுது, பாத்து"ன்னான். அப்புறம் எங்க ஆளு ஒருத்தன் அவன் மக படிக்கிற பள்ளிக்கூடத்துப் பேரச் சொன்னான். அதுக்கப்புறந்தான் சரின்னு தலையாட்டுனான்.

ஏய், பின்னாடி யாருய்யா முழங்கால வச்சு இடிக்கிறது? எந்திரிச்சு வந்தேன்னா காலு இருக்காது, ஆமா.

எங்க விட்டேன்? ஆங். திங்கக்கெழமதான் மனுப் போடக் கடைசி நாளு. மூணு மணியோட முடிஞ்சுது. வக்கீல் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிட்டாரு. மொதலாளி போன்ல, "வீரணா, அந்தப் புள்ள சும்மா இருக்காது. ஆபீஸ்ல புதுசா எதுவும் ஒட்டியிருக்கான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வா"ன்னாரு. நாலு மணிக்குப் போனேன். சுவத்துக்கு முன்னாடி நின்னு பாத்தேன். புதுசா ஒண்ணுமில்லன்னு போன் பண்ணிச் சொன்னேன்.

செவ்வாக்கெழம காலையில பரிசீலன. அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடி போட்டவுக. எல்லாக் கட்சிக்காரனும் உக்காந்திருக்கான். மேல கேமரா ஓடுது. ஜோதி ஒத்தையா ஒரு மூலையில. எனக்கு உண்மையச் சொல்லணும்னா பாவமாத்தான் இருந்துச்சு. ஒரு வருத்தம், நம்ம புள்ள இப்பிடித் தோத்து நிக்கப் போகுதேன்னு. ஆனா தோத்தாத்தானே வீட்டுக்கு வரும், கல்யாணம் காச்சின்னு யோசிக்கும்?

சவரிமுத்து வந்தான். வலது கையில மாவுக்கட்டு. "இது என் கையெழுத்து இல்லைங்க"ன்னான். அந்தம்மா அவன் கையப் பாத்தாக, மொகத்தப் பாத்தாக. "அப்ப இங்க ஒரு தடவ கையெழுத்துப் போட்டுக் காட்டுங்க"ன்னாக. அவன் கட்டுப் போட்ட கையத் தூக்கிக் காட்டுனான். அப்ப ஜோதி எந்திரிச்சு, "விடுங்க மேடம். அண்ணன் சொன்னத அப்பிடியே எழுதிக்கங்க. இந்த மனுவத் தள்ளுபடி பண்ணிருங்க"ன்னுச்சு. வெளிய எங்க ஆளுக வெடிச் சரத்தப் பிரிச்சுட்டாய்ங்க.

"என்னோட ரெண்டாவது மனுவ எடுத்துக்கங்க"ன்னுச்சு.

ஒரே ஆளு நாலு மனு வரைக்கும் போடலாமாம். சவரிமுத்து வெரல ஒடைச்சது தெரிஞ்சதும், ஞாயித்துக்கெழம நாலு ஊரும் சுத்தி வேற பத்துப் பேரப் பிடிச்சு, திங்கக்கெழம மூணு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது குடுத்திருக்கு. சுவத்துலயும் ஒட்டியிருக்காய்ங்க. நீங்க பாக்குற பார்வ புரியுது தம்பி. பேப்பரு இருந்துச்சு. பழைய பேப்பருக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அதே மாதிரி கட்டம், அதே மாதிரி சீலு. அதே பேப்பரத்தான் ரெண்டா ஒட்டியிருக்காய்ங்கன்னு நெனச்சேன். எனக்குப் படிக்கத் தெரியாது. மொதலாளிக்கே அது தெரியாது, இருபத்தாறு வருசமா. கூட நிக்கிறவன வாசிக்கச் சொல்லி, கேக்குற மாதிரி கேட்டுக்குவேன். அன்னிக்குப் பக்கத்துல ஆளில்ல.

அந்தம்மா பேர வாசிக்க ஆரம்பிச்சாக. பத்தும் பொம்பளைக. மொதப் பேரு. "போதும்பொண்ணு. கணவர் பெயர் வீரணன்."

எம்பொண்டாட்டி தம்பி. அந்த ஆபீஸ்ல அத்தன பேருக்கு முன்னாடி எம்பேர வாசிச்சுட்டாக. மொதலாளி மெதுவா என்னயத் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பார்வைக்கு என்னய ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் அவ பேருக்கு முன்னாடி நின்னு, ஒண்ணுமில்லன்னு போன் பண்ணியிருக்கேன்ல.

சட்டுனு எனக்கு ஒரு யோசன. "அம்மா, எம்பொண்டாட்டிக்கு எழுதத் தெரியாதும்மா. கைநாட்டுதான். இது எவளோ போட்ட கள்ளக் கையெழுத்து"ன்னு கத்துனேன். வக்கீல் மொகத்துல ஒரு வெளிச்சம். ஒடனே ஆட்சேபனை எழுதிக் குடுத்துட்டாரு. அந்தம்மா, "ரெண்டு மணிக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க, நேர்லயே கேட்டுருவோம்"னாக. மொதலாளி என் தோளத் தட்டுனாரு.

வீட்டுக்கு வந்தேன். அவ நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தா. அவளப் பத்தி ஒண்ணு சொல்லணும், நல்லவதான். அதிகம் பேச மாட்டா. எடது காது கேக்காது, சத்தமாப் பேசுனாத்தான் திரும்பிப் பாப்பா. நயமாத்தான் கேட்டேன். "ஏண்டி, உம்பேர எவளோ போட்டு மாட்டி விட்டிருக்காளுக. வந்து நான் இல்லன்னு சொல்லிரு"ன்னேன். அவ அடுப்பு வெறகத் தள்ளி வச்சுட்டு, "நான்தான் போட்டேன்"னா.

நான் சிரிச்சுட்டேன். "உனக்கு அ தெரியுமா ஆ தெரியுமா"ன்னேன். சரி, எவ போட்டா என்ன, வந்து இல்லன்னு சொல்லுன்னேன். மாட்டேன்னா. பேசாம வந்துருன்னேன். அப்பத்தான் நிமுந்து பாத்து, கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசத்துல மொத தடவையா என்னய நீன்னு கூப்பிட்டா. "அன்னிக்கு நீ விசிலு ஊதல. நான் கடலைக்காட்டுல களை எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு விசிலுகூட ஊதல. ஜோதி அப்பா சத்தமே கேக்காம நின்னுக்கிட்டு இருந்தாரு"ன்னா.

காது கேக்காதவ பேச்ச நீங்க நம்புவீங்களா? அதாவது, இப்பக் கேக்காது. அன்னிக்குக் கேட்டுச்சு. காது போனது அந்தச் செவ்வாக்கெழமதான்.

நான் என்ன வேணும்னா ஊதாம இருந்தேன்? விசிலு மாத்துச் சட்டப் பையில இருந்துருச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு குழி முடிக்கணும்னு மொதலாளி அவசரப்படுத்துனாரு. அத ஏழு வருசம் மனசுலயே வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்காளே, அதுதான் தாங்கல. அறைஞ்சேன். ஒரு அறைதான். கம்மல் கையோட வந்துருச்சு, காது ரெண்டாக் கிழிஞ்சுது. அவ எந்திரிச்சா. மறுபடியும் அறைஞ்சேன். சுவத்துல போயி இடிச்சா. பொம்பளையத் தொட மாட்டேன்னு சொன்னேன்தான், அது வெளிப் பொம்பளைய. அம்மி அங்க கெடந்தது என் குத்தமா? வயித்துல ஒரு மிதி. அது கொஞ்சம் கூடுதல்தான். கூடுதல்னு அன்னிக்கே தெரிஞ்சுது. ஆனா மணி ஒண்ணரை ஆயிருச்சு.

மொகத்தத் தண்ணி ஊத்திக் கழுவி, முக்காடு போடச் சொல்லி, ஜீப்புல ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் தலையக் குனிஞ்சே உக்காந்திருந்தா. அடங்கிட்டான்னு நெனச்சேன். அடிச்சா அடங்குவாங்கன்னுதான் எனக்குத் தெரியும், வேற எதுவும் எனக்குத் தெரியாது.

ஆபீஸுக்குள்ள வந்து நின்னா. முக்காடு காதோட ஒட்டிச் செவந்து கெடக்கு. ஜோதி எந்திரிச்சுது. என்னயப் பாத்து வையல, அழல. "அத்தைக்கு ஒரு சேர் போடுங்க"ன்னுச்சு. தன் துப்பட்டாவ எடுத்து அவ காதுல வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

அந்தம்மா கேட்டாக, "இது உங்க கையெழுத்தாம்மா? பயப்படாம சொல்லுங்க." இவளுக்குக் கேக்கல. ரெண்டாவது தடவ, வலது காதுப் பக்கமா வந்து குனிஞ்சு கேட்டாக. இவ என்னயப் பாத்தா. நான் கண்ணாலயே உருட்டுனேன். இவ அந்தம்மா பக்கம் திரும்பி, "ஒரு பேனா குடுங்க"ன்னா.

எழுதுனா தம்பி. மேசையில குனிஞ்சு, நாக்க ஓரத்துல கடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா. பேப்பருல ரெண்டு சொட்டு ரத்தம் விழுந்துச்சு, முந்தானையால ஒத்திட்டு எழுதுறா. லாரிய மறிச்சு உக்காந்திருந்தப்ப, பொழுது போகாம இருக்கையில, ஜோதி அந்தப் பொம்பளைகளுக்கெல்லாம் எழுதச் சொல்லிக் குடுத்திருக்கு. தரையில, எங்க குவாரிப் பொடியில, வெரலால. நான் தெனம் அவளுகளத் தாண்டி ஜீப்புல போயிருக்கேன். புழுதியில கோலம் போடுறாளுகன்னு நெனச்சேன்.

அந்தம்மா ரெண்டு கையெழுத்தயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாக. "மனு ஏற்கப்படுகிறது"ன்னாக. அப்புறம் கேமராவப் பாத்தாக, வாசல்ல நின்ன இன்ஸ்பெக்டரப் பாத்தாக. அங்கயே என் கையப் பிடிச்சுட்டாய்ங்க. மொதலாளி, "இந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது"ன்னாரு. இருபத்தாறு வருசம் தம்பி. அன்னிலருந்து என் போன எடுக்குறதில்ல.

ஜோதி ஜெயிச்சுச்சான்னு கேக்குறீங்க. இல்ல. பன்னெண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு. ஆனா மொதலாளி மூவாயிரம் ஓட்டுல தோத்தாரு. ஜெயிச்சவன் யாரோ ஒருத்தன். குவாரி இப்பப் பூட்டிக் கெடக்காம். போதும்பொண்ணு ஜோதி வீட்லதான் இருக்கா. சவரிமுத்தும் கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறானாம். அடி வாங்குனவய்ங்க எல்லாம் ஒண்ணு சேந்துட்டாய்ங்க, அடிச்சவன் ஒத்தையா நிக்கிறேன். இது நாயமா, சொல்லுங்க.

ஸ்டேஷன்ல தெனம் கட்டவெரல்ல மை தடவித்தான் பதியிறேன். அங்க ஒரு கான்ஸ்டபிள் கேஸக் கேட்டுட்டு, "பொண்டாட்டி கையெழுத்து, நீ கைநாட்டா"ன்னான். உள்ள போக வேண்டி வருமேன்னு பேசாம வந்துட்டேன்.

ஸ்டாண்டு வந்துருச்சு. ஒரு நிமிசம் தம்பி, ஒரு ஒத்தாச. இந்தச் சட்டப் பையில ஒரு கவரு இருக்கு, பாருங்க. ஒம்போது நாள் ஆச்சு, தபால்ல வந்து. கோர்ட்டுப் பேப்பருன்னு தபால்காரரு சொன்னாரு. தெனம் பஸ்ஸுல யார்கிட்டயாவது குடுத்து வாசிக்கச் சொல்லணும்னு நெனைப்பேன், அதுக்குள்ள ஸ்டாண்டு வந்துரும். நீங்க முழுசா வாசிக்க வேணாம். என்ன எழுதியிருக்குன்னும் சொல்ல வேணாம். கடைசிப் பக்கத்துல கீழ ஒரு கையெழுத்து இருக்கு, அத மட்டும் யாருதுன்னு பாத்துச் சொல்லுங்க.

வேணாம், குடுங்க. எனக்கே தெரியுது. எனக்கு அடையாளம் தெரிஞ்ச கையெழுத்து இந்த ஒலகத்துல அது ஒண்ணுதான்.